பெருநாள் அன்று சாப்பிடப் போகிறோம், சரி. அதற்கு முந்தின நாள் வேலைக்குப் போகிறோமா?

பந்திங் வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவில் நம்ம பந்திங் பட்டணத்தைச் சுற்றி மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், நம்மவர், பூலாவ் கேரித் தீவில் மா மெரி என்ற பழங்குடி மக்கள், கிள்ளான் பக்கம் பஞ்சாபியர் என எல்லோரும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வாழ்கிறோம். ஆனாலும் ஒருவர் வீட்டு வாசலை இன்னொருவர் மிதிப்பது, பெருநாளில் எல்லோரையும் வரவேற்கும் திறந்த இல்ல உபசரிப்பு அன்றுதான். போகிறோம், ரெண்டாங் என்ற இறைச்சிப் பிரட்டலைச் சாப்பிடுகிறோம், படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறோம். அந்தப் பழக்கம் நல்லது, விடவே கூடாது. ஆனால் அன்றைக்கு நம் கண்ணில் படுவது முடிந்துபோன வேலை. ஒரு குடும்பம் எதில் கவனமாக இருக்கிறது, எதைச் செய்யக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்கிறது, பாட்டியிடமிருந்து பேத்திக்கு எது கைமாறுகிறது என்பதெல்லாம் முந்தின நாள் அடுப்படியில்தான் தெரியும்.

அதனால் இந்த இழையில், நம்ம ஊரில் இருந்தபடியே அதிகச் செலவில்லாமல் அடுத்தவர் பண்பாட்டை அறியும் வழிகளை எழுதுங்கள். ‘நன்றாக இருக்கும், போய்ப் பாருங்கள்’ என்பதோடு நிறுத்த வேண்டாம். அளவு என்ன, எத்தனை மணி நேரம், எங்கே கெட்டுப்போகும், ஏன் கெட்டுப்போகும் என்று சொல்லுங்கள். ஓலைக் கூட்டுக்குள் அரிசியை வேகவைக்கும் கெதுபாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். நாம் கோயில் தோரணத்துக்குக் கிழிக்கும் அதே குருத்தோலைதான் அதற்கும்.

அடுப்படி அக்கா:

வாத்தியார் நல்ல இடத்தில் ஆரம்பித்திருக்கிறார். தோரணம் பின்னிப் பழகிய கைக்குக் கெதுபாட் சீக்கிரம் வரும். பின்னலைவிட அரிசி அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். அதனால் இரண்டையும் விவரமாக எழுதுகிறேன்.

ஓலை: இளமஞ்சளும் வெளிர்பச்சையும் கலந்த குருத்து வேண்டும். முற்றிய பச்சை ஓலை மடிக்கும்போது ஒடியும். ஒரு கெதுபாட்டுக்கு இரண்டு கீற்று, ஒவ்வொன்றும் இரண்டடி நீளத்துக்குக் குறையாமல், இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில். நடு ஈர்க்கை அடியிலிருந்து நுனிவரை உருவிவிட வேண்டும். ஈர்க்கு மிச்சமிருந்தால் அந்த இடத்தில் ஓலை கிழியும், வேகும்போது அரிசி வெளியே வரும்.

பின்னல்: ஒரு கீற்றை இடது கையில் மூன்று சுற்று, இன்னொன்றை வலது கையில் மூன்று சுற்று. பிறகு ஒன்றின் சுற்றுகளுக்குள் இன்னொன்றை மேலே, கீழே, மேலே என்று மாற்றி மாற்றி நுழைக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் எல்லாம் தொளதொளவென்றுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். இறுக்குவது கடைசியில். வால் இரண்டையும் பிடித்து ஒரே இழுப்பில் இறுக்கினால் ஒரு பக்கம் சுருங்கி, மறுபக்கத்தில் இடைவெளி விழும். கீற்று போகிற வழியிலேயே ஒவ்வொரு மடிப்பாகத் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்தால்தான் நான்கு பக்கமும் சமமாக மூடும்.

அரிசி: கழுவி, அரை மணி நேரம் நீர் வடியவிட்ட சாதாரண அரிசி. பாஸ்மதி வேண்டாம், ஒட்டாது. கூட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போடுங்கள், முக்காலைத் தொடக் கூடாது. வேகும்போது அரிசி உப்பி, ஓலை விடாமல் நெருக்குவதால்தான் கெதுபாட் கட்டியாகிறது. குறைவாகப் போட்டால் நெருக்கம் இல்லாமல் குழைந்த சோறாகும். அதிகமாகப் போட்டால் தண்ணீர் நடுவுக்குப் போக இடமில்லாமல் உள்ளே வேகாத அரிசி நிற்கும்.

வேகவைப்பது: நாலிலிருந்து ஐந்து மணி நேரம். தண்ணீர் எப்போதும் கெதுபாட்டுக்கு மேலே நிற்க வேண்டும். வற்றினால் கொதிநீரைத்தான் ஊற்ற வேண்டும், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வேக்காடு நின்றுபோகும். எடுத்தவுடன் மேலே நீரூற்றி அலசி, வாலால் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு தட்டில் குவித்து வைத்தால் அடியில் தேங்கும் நீரால் மறுநாளே நூல் விடும்.

கெதுபாட் பாலாஸ் வேறு. முக்கோண வடிவில் பாலாஸ் இலையில் மடிப்பது, வட மாநிலங்களில் அதிகம். ஒரு கிலோ புலுட் அரிசியை, அதாவது ஒட்டும் அரிசியை, இரவே ஊறவைத்து, ஏறக்குறைய 800 மில்லி தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்துப் பால் வற்றும்வரை கிளறி, அரைவேக்காட்டில் மடித்து, இரண்டு மணி நேரம் அவிக்க வேண்டும். தேங்காய்ப்பால் இருப்பதால் நம்ம வெயிலில் ஒரு நாளுக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது.

லயத்துக் கிளி:

அக்கா, நாங்கள் மாட்டிறைச்சி தொடாத வீடு, அம்மா சைவம். மலாய் வீட்டில் தட்டைக் கொடுத்தால் எதை எடுப்பது, எதைத் தவிர்ப்பது? முகம் கோணாமல் கேட்பது எப்படி?

அடுப்படி அக்கா:

கேட்பதில் தப்பே இல்லை தங்கச்சி. வீட்டுக்காரரே சொல்லத்தான் விரும்புவார். ‘டாகிங்’ என்றால் பெரும்பாலும் மாடு, ‘ஆயாம்’ என்றால் கோழி. ரெண்டாங் இரண்டிலும் செய்வார்கள், நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். அம்மாவுக்குக் கெதுபாட், லெமாங் (மூங்கிலில் சுட்ட புலுட் சோறு), பழம் பயமில்லாதவை. கச்சான் (நிலக்கடலை) குழம்பும் லோடே என்ற தேங்காய்ப்பால் காய்கறிக் குழம்பும் பார்க்கச் சைவமாகத் தெரியும், ஆனால் பெலாச்சான் என்ற இறால் பசையோ காய்ந்த இறாலோ இருக்க நிறைய வாய்ப்பு. போவதற்கு முந்தின நாளே, ‘இபு சாயா தா மாக்கான் டாகிங், தா மாக்கான் இக்கான்’ (அம்மா இறைச்சி, மீன் சாப்பிட மாட்டார்) என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தனியாக எடுத்து வைப்பார்கள்.

நீங்கள் கொண்டுபோவதையும் யோசியுங்கள். வீட்டில் சமைத்ததைவிட, உரிக்காத முழுப் பழம், அல்லது ஜாக்கிம் என்ற அரசாங்க இஸ்லாமியத் துறையின் ஹலால் முத்திரை போட்ட, பிரிக்காத பலகாரம் நல்லது. மது எசென்ஸ் சேர்த்த கேக்கு, பிஸ்கட் கூடவே கூடாது. நெருங்கிப் பழகி, அவர்களே ‘உங்க வீட்டு முறுக்கு கொண்டு வாங்க’ என்று கேட்ட பிறகு அது வேறு கதை.

மோரிப் காற்று:

வாத்தியார் சொன்னதில் எனக்கு ஒரு தயக்கம். முந்தின நாள் என்பது அந்த வீட்டில் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். பெண்கள் வீட்டில் எப்படி இருக்கிறார்களோ, யார் குளிக்கிறார்களோ, அழைப்பில்லாமல் ஒருவர் போய் நின்றால் அவர்களுக்குத்தான் சங்கடம். பெருநாள் அன்று போவதில் மரியாதை இருக்கிறது. வேலை நேரத்தில் போனால் வேடிக்கை பார்க்கப் போனதாக ஆகிவிடாதா?

சுங்கை லங்காட்:

நியாயமான கேள்வி. வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது, வேலை செய்யப் போக வேண்டும். அதற்கென்றே நம்ம வட்டாரத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது: ரேவாங். ஜாவா வழி வந்த வழக்கம். கோல லங்காட், கோல சிலாங்கூர், ஜொகூர் கம்பங்களில், அதாவது கிராமங்களில், கல்யாணத்துக்கு முன்பு அக்கம்பக்கத்தார் எல்லோரும் கூடிச் சமைப்பது. இப்போது பல இடங்களில் கேட்டரிங் வந்துவிட்டது, ஆனாலும் வெங்காயம் உரிக்கவும் பலகாரம் கட்டவுமாவது கூடுகிறார்கள்.

போகும் முறை இது. கல்யாண வீட்டுக்காரரிடமோ கம்பத்துப் பெரியவரிடமோ இரண்டு மூன்று நாளைக்கு முன்பே ‘ஆள் தேவையா’ என்று கேளுங்கள். ‘வா’ என்றால் சொன்ன நேரத்துக்குப் போங்கள். வழக்கமாகப் பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாய் சுத்தம் செய்வார்கள். ஆண்கள் விறகு, இறைச்சி நறுக்குவது, காவா என்ற பெரிய அண்டாவைக் கிண்டுவது. உங்கள் கத்தியை நீங்களே கொண்டுபோங்கள், பிடியில் பெயர் எழுதி ஒட்டுங்கள். நூறு கத்தி ஒரே மாதிரி இருக்கும் இடத்தில் வேறு அடையாளம் உதவாது. மாட்டிறைச்சி நறுக்க மனமில்லை என்றால் வெங்காயப் பக்கம் உட்காருங்கள், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். கூலி கொடுக்கவும் மாட்டார்கள், நீங்களும் எதிர்பார்க்கக் கூடாது. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் வருவதுதான் அதற்கு ஈடு.

வேலை முடிந்து நாசி அம்பெங் வந்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒரு பெரிய தட்டில் நாலைந்து பேருக்கு: நடுவில் சோறு, சுற்றி கோழி, செருண்டிங் (வறுத்த தேங்காய்த் துருவல்), மீ கோரெங் (பிரட்டிய மீ), தெம்பே (புளிக்கவைத்த சோயா), கருவாடு. உங்கள் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்து மட்டும், வலது கையால் எடுக்க வேண்டும். எதிரே இருப்பவர் பக்கம் கை நீளக் கூடாது. மிச்சத்தைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொடுப்பார்கள், அதை மறுக்காதீர்கள்.

மோரிப் காற்று:

இது புரிகிறது. கேட்டுவிட்டு, கத்தியோடு போனால் விருந்தாளி என்ற நிலை மாறிவிடுகிறது. ஏற்றுக்கொள்கிறேன்.

மூன்று நாள்காட்டி:

வேலைக்குப் போவதற்கு முன்பு, எப்போது போகக் கூடாது என்றும் தெரிய வேண்டும். அதற்கு மிக எளிய வழி, சுவரில் தமிழ்க் காலண்டர் பக்கத்திலேயே சீனக் காலண்டர் ஒன்றும் இஸ்லாமியத் தேதி போட்ட ஒன்றும் மாட்டுவது. சீனக் கடைகளில் வருடக் கடைசியில் இலவசமாகவே கொடுப்பார்கள். ஒரு வருடம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஊர் நடப்பு முழுவதும் விளங்கும்.

சீன மாதத்தின் முதல் நாள் நம் அமாவாசை, பதினைந்தாம் நாள் ஏறக்குறைய பௌர்ணமி. அந்த இரண்டு நாளும் சீனர் பலர் சைவம் சாப்பிடுவார்கள். பட்டணத்துச் சைவச் சோற்றுக் கடையில் அன்று பதினொன்றரைக்கே கூட்டம் நிற்கும். பௌத்தச் சைவத்தில் வெங்காயம், பூண்டும் கிடையாது என்பதை மறந்துவிட்டு அவர்களுக்கு நம்ம சாம்பாரைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

இஸ்லாமிய மாதம் பிறை தெரிந்த பிறகு தொடங்குவதால் சீனத் தேதிக்கு ஒன்றிரண்டு நாள் பின்னால் வரும். இன்னொன்று, முஸ்லிம்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. அதனால் வியாழன் இரவு என்பது வெள்ளி இரவு. அன்றிரவு கம்பத்தில் பல வீடுகளில் குர்ஆனின் யாசின் அத்தியாயத்தை ஓதுவார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவது சரியல்ல. மற்ற நாட்களிலும் மக்ரிப் என்ற அந்தித் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, எட்டரைக்கு மேல் போங்கள்.

எனக்கு இதில் மிகப் பிடித்த பொருத்தம் ஒன்று உண்டு. சீன ஒன்பதாம் மாதம் முதல் நாளிலிருந்து ஒன்பதாம் நாள்வரை ஒன்பது பேரரசத் தெய்வங்களின் திருவிழா. பக்தர்கள் வெள்ளை உடுத்தி, ஒன்பது நாளும் சைவம் இருப்பார்கள். அம்பாங்கில் உள்ள கோயில் இதற்குப் பேர்போனது. நம் நவராத்திரியும் அமாவாசைக்கு அடுத்து ஒன்பது இரவு. பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாகவே வரும். 2024ல் இரண்டும் அக்டோபர் 3ல் தொடங்கின. 2025ல் சீனர் கணக்கில் ஒரு மாதம் கூடுதலாக வந்ததால் நவராத்திரி செப்டம்பர் 22லும் அவர்கள் விழா அக்டோபர் 21லும் தொடங்கின. இரண்டும் சேரும் ஆண்டில் பக்கத்து வீட்டுச் சீனருக்குக் கொலுச் சுண்டல் கொடுப்பதைப்போலப் பொருத்தமான பலகாரம் வேறில்லை, பூண்டு வெங்காயம் சேர்க்காமல்.

இஸ்லாமிய ஆண்டு 354 அல்லது 355 நாள். கூடுதல் மாதம் சேர்ப்பதில்லை. அதனால் நோன்புப் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் ஒரு சுற்று வரும். 2005ல் தீபாவளி நவம்பர் 1, நோன்புப் பெருநாள் நவம்பர் 3. 1997 பிப்ரவரியில் சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்தன. 2030ல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 3. பிறையைப் பொறுத்து, நோன்புப் பெருநாளும் அதை ஒட்டியே வரும். அந்த வாரத்துக்கு இப்போதே பிள்ளைகளைத் தயார் பண்ணலாம்.

லயத்துக் கிளி:

சித்திரை முதல் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 14ஐ ஒட்டித்தான் சீக்கியருக்கும் வைசாகி, கெடா, கிளந்தான் சயாமியருக்கும் சொங்க்ரான்.

ஜெஞ்சாரோம் தம்பி:

சீனர் அடுப்படி பற்றிச் சொல்கிறேன். புத்தாண்டுக்கு நம் வீட்டுக்கு வரும் கூவே பாகுல், அதாவது நியன் காவ், பல தமிழ் வீடுகளில் குளிர்பெட்டியில் கிடந்தே வீணாகிறது. புலுட் மாவும் சீனியும் சேர்த்துப் பல மணி நேரம் ஆவியில் வைப்பது அது. புதிதாக இருக்கும்போது வெட்டினால் கத்தியோடு இழுபடும். ஒன்றிரண்டு வாரம் குளிர்பெட்டியில் இறுகவிட்டு, எண்ணெய் தடவிய கத்தியால் அரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். அதே கனத்தில் சேப்பங்கிழங்கு ஒன்று, சர்க்கரைவள்ளி ஒன்று. நடுவில் நியன் காவ் வைத்து, மாவில் தோய்த்து, மிதமான தீயில் பொரிக்க வேண்டும். தீ கூடினால் மாவு சிவந்துவிடும், கிழங்கு வேகாது. மாவு முழுதாக மூடாவிட்டால் நியன் காவ் உருகி எண்ணெயில் ஒழுகும். கிழங்கைக் கனமாக வெட்டிவிட்டால் முதலில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளோடு செய்ய நல்லது டிசம்பர் 21, 22 வாக்கில் வரும் தோங்சி என்ற சீனர் திருநாளின் தாங் யுவான், அதாவது பாகில் போடும் மாவு உருண்டை. 200 கிராம் புலுட் மாவுக்கு 160 மில்லி வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் கொஞ்சமாக. உருட்டும்போது விரிசல் விழுந்தால் மாவு வறண்டிருக்கிறது. அப்போது நீர் ஊற்றாமல், மாவில் ஒரு சிறு துண்டைக் கிள்ளி, கொதிநீரில் வேகவைத்து, அதையே திரும்ப மாவோடு சேர்த்துப் பிசையுங்கள். வெந்த மாவு பசைபோல எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். கொதிநீரில் போட்டு, மேலே மிதந்த பிறகு இன்னும் ஒரு நிமிடம். பாகு தனியாக: இஞ்சி, பண்டான் இலை, சீனி. உருண்டையைப் பாகிலேயே வேகவைத்தால் பாகு கலங்கிக் கஞ்சியாகும்.

வீட்டுக்குப் போகும்போது ஆரஞ்சுப் பழம் ஜோடியாக, இரண்டு கையாலும் கொடுங்கள். திரும்பும்போது அவர்களும் இரண்டு கொடுப்பார்கள், அது கணக்குத் தீர்ப்பது அல்ல, வாங்கிக்கொள்ளுங்கள். அங் பாவ் என்ற சிவப்பு உறைப் பணம் இரட்டைப்படைத் தொகை, நான்கு மட்டும் வேண்டாம். கடிகாரம் பரிசாகக் கொடுக்கக் கூடாது. ஜெஞ்சாரோம் தோங் ஸென் கோயில் விளக்கு அலங்காரத்துக்குப் போக நினைப்பவர்கள் வார நாளில், வெளிச்சம் இருக்கும்போதே வாருங்கள். வார இறுதி இரவில் சாலை நெரிசலிலேயே நேரம் போய்விடும்.

பந்திங் வாத்தியார்:

தம்பி, அந்த வெந்த மாவு நுணுக்கம் அருமை. கொழுக்கட்டை மாவுக்கு நாம் கொதிநீர் ஊற்றுவதும் இதற்காகத்தானே.

பந்தூன் என்ற மலாய்ப் பாட்டையும் சேர்க்கிறேன், அதற்குக் காசே வேண்டாம். நான்கு வரி, ஒரு வரிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு அசை. ஒன்றாம் வரி மூன்றாம் வரியோடும், இரண்டாம் வரி நான்காம் வரியோடும் இயையும். முதல் இரண்டு வரி வெளியுலகக் காட்சி, பின் இரண்டு வரியில்தான் சொல்ல வந்தது. எல்லோருக்கும் தெரிந்த பழைய பந்தூன் ஒன்று:

பீசாங் எமாஸ் டிபாவா பெலாயார்,
மாசாக் செபிஜி டி அத்தாஸ் பெத்தி;
ஹூத்தாங் எமாஸ் போலே டிபாயார்,
ஹூத்தாங் பூடி டிபாவா மாத்தி.

பொற்பழத்தைக் கப்பலில் கொண்டுபோனதும் பெட்டிமேல் ஒரு பழம் கனிந்ததும் காட்சி. பொன் கடனைத் தீர்க்கலாம், நன்றிக்கடன் சாகும்வரை கூடவே வரும் என்பது பொருள். ‘பெலாயார் – டிபாயார்’, ‘பெத்தி – மாத்தி’ என்று இயைபைக் கேளுங்கள். சொந்தமாகக் கட்டும்போது பின் இரண்டு வரியை முதலில் எழுதுங்கள், பிறகு அதற்கு இயைகிற காட்சியைத் தேடுங்கள். முதல் வரியிலிருந்து தொடங்கினால் மூன்றாம் வரியில் மாட்டிக்கொள்வீர்கள். விருந்து முடிந்து விடைபெறும்போது ஒரு பந்தூன் சொல்லிப் பாருங்கள், பெரியவர்கள் பதில் பந்தூன் சொல்லாமல் அனுப்ப மாட்டார்கள். 2020ல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து பந்தூனை யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றியிருக்கின்றன. ஆனால் அது வாழ்வது வீட்டுத் திண்ணையில்தான்.

ஓய்வுபெற்ற கிராணி:

எல்லோரும் நல்ல நாளைப் பற்றியே பேசுகிறீர்கள். துக்க வீட்டைச் சொல்லாமல் இந்த இழை நிறைவாகாது. அங்கேதான் தெரியாமல் செய்கிற தப்பு மனதைப் புண்படுத்தும்.

மலாய் வீட்டில் அடக்கம் பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும். வேலை முடிந்து மாலை போகலாம் என்று இருந்தால் முகம் பார்க்க முடியாது. செய்தி கிடைத்தவுடன் போங்கள். கை கால் மூடிய, பளிச்சென்று இல்லாத உடை. மாலை, மலர்வளையம் வாங்க வேண்டாம். பணம் கொடுப்பதானால் சாதாரண உறையில், குடும்பத்துப் பெரியவர் கையில். எதிர்ப்பாலாரிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள், அவர் நீட்டினால் கொடுங்கள். இல்லாவிட்டால் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் போதும்.

சீனர் வீட்டில் உடல் மூன்று, ஐந்து நாள் என்று வைத்திருப்பார்கள். மாலையில் போவது வழக்கம். சிவப்பு உடுத்தவே கூடாது, வெள்ளை, கறுப்பு, மங்கிய நிறம் சரி. பணம் வெள்ளை உறையில், ஒற்றைப்படைத் தொகையில். நல்ல காரியத்துக்கு இரட்டைப்படை, துக்கத்துக்கு ஒற்றைப்படை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். நம் பக்கம் மொய்க்கு ஒரு வெள்ளி சேர்த்து ஒற்றைப்படையாக வைக்கும் பழக்கத்தில், அங்கே கல்யாணத்துக்கு அப்படி வைத்துவிடாதீர்கள். ஊதுபத்தி ஏற்ற விருப்பமில்லை என்றால் படத்தின் முன் நின்று தலைவணங்கலாம். சிவப்பு நூலும் மிட்டாயும் கொடுப்பார்கள், மறுக்காமல் வாங்கி, மிட்டாயைச் சாப்பிடுங்கள். கிளம்பும்போது ‘போய் வருகிறேன்’ என்று சொல்லாமல் அமைதியாகக் கிளம்புங்கள். சாப்பாட்டு மேசையில் சோற்றுக் கிண்ணத்தில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது என்பதும் இதனோடு சேர்ந்தது. அது இறந்தவருக்குப் படைக்கும் முறை.

மோரிப் காற்று:

கிராணி ஐயா, அந்த ஒற்றைப்படை விஷயம் பலருக்குத் தெரியாது. ரொம்ப நன்றி.

சீக்கியர் கோயிலான கிள்ளான் குருத்வாரா பற்றிச் சுருக்கமாக: யாரும் போகலாம். தலையை மூட ஒரு துணி கொண்டுபோங்கள், வாசலிலும் இருக்கும். பையில் சிகரெட், மது எதுவும் இருக்கக் கூடாது. காலணியைக் கழற்றி, கை கழுவி உள்ளே போய்த் தரையில் உட்காரும்போது புனித நூல் இருக்கும் திசையில் காலை நீட்டாதீர்கள். லங்கர் என்ற பொதுப் பந்தியில் ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும், தட்டில் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய் ஒரு கை கொடுங்கள். வாத்தியார் சொன்ன ‘வேலைக்குப் போவது’ அங்கே எல்லா வாரமும் நடக்கிறது.

லயத்துக் கிளி:

பூலாவ் கேரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? அங்கே என்ன பார்க்கலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

சுங்கை லங்காட்:

தாராளமாக. தெலுக் பங்லிமா காராங் வழியாகப் போய்ப் பாலம் தாண்டினால் செம்பனைத் தோட்டம், அதற்கு அப்பால் கம்போங் சுங்கை பும்பூன். மா மெரி பண்பாட்டுக் கிராமம் அங்கே இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள், எல்லா நாளும் ஆட்டம் இருக்காது. மர முகமூடிகள் நீரே பாத்து என்ற சதுப்புநில மரத்தில் செதுக்குவது. ஒவ்வொன்றும் ஒரு மூதாதை ஆவிக்கு உரியது. மாயின் ஜோ-ஓ ஆட்டத்தில் அவற்றை அணிந்து ஆடுவார்கள். சுவரில் மாட்டியிருக்கும் முகமூடியைக் கேட்காமல் எடுத்துப் பிள்ளை முகத்தில் வைத்துப் படம் எடுக்காதீர்கள். மூதாதையருக்கான சிறு வீட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. கைவினைப் பொருளுக்குப் பேரம் பேச வேண்டாம். முகமூடி செதுக்க எத்தனை நாள் பிடிக்கும் என்று செதுக்குபவரிடமே கேளுங்கள், விலை ஏன் அப்படி என்று பிள்ளைகளுக்கே புரிந்துவிடும்.

பிள்ளைகளைக் கையோடு உட்கார வைக்க ஏற்றது பின்னல். மெங்குவாங் தாழையில் பாய், பெட்டி பின்னும் பெண்களிடம், சிறிய பை ஒன்று பின்னச் சொல்லித் தர முடியுமா என்று முன்பே கேட்டுவைத்து, நேரத்துக்குக் கட்டணம் கொடுங்கள். தாழை ஓரத்தில் முள் இருக்கும். அவர்கள் சீவி, காயவைத்துப் பதப்படுத்திய ஓலையில்தான் பிள்ளைகள் கை வைக்க வேண்டும். பச்சையாக வெட்டியதைத் தொட விடாதீர்கள். ஓலை காய்ந்து முறுகினால் ஈரத்துணியால் துடைத்தால் மறுபடி வளையும். காலை நேரமே நல்லது, மதியத்துக்கு மேல் கொசு அதிகம். தண்ணீரும் கொசு எண்ணெயும் எடுத்துப் போங்கள்.